கருங்காட்டு ராசாவின் தீர்ப்பு

ராசா கொடுத்த வாக்கு கோட்டை வாசலோடு முடிந்து போகாது, வீட்டுக்கும் கூடவே வரும் என்று முருகானந்தம் ஒரே போடாகப் போட்டார். போட்ட இடம் வாட்ஸப் குழு. குரல் பதிவாகப் போட்டதால் பின்னால் ஆயிரக்கணக்கான கோழிகள் கொக்கரிப்பதும் சேர்ந்தே பதிவாகியிருந்தது. கேட்டவர்கள் அதைப் படை முழக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

எருமப்பட்டிப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் மனிதருக்கு ராசாவோடு என்ன ஜோலி? அவர் ‘கருங்காட்டுக் கோமான்’ என்ற டிவி தொடரின் ரசிகர். ரசிகர் என்றால் சாதாரண ரசிகர் இல்லை. தொடர் ஓடிய காலத்தில் அந்த நேரத்தில் யார் போன் செய்தாலும் எடுக்க மாட்டார், மாமியார் செய்தால் அணைத்தே வைத்துவிடுவார். தொடர் முடிந்துவிட்டது. ரசிகர்கள் முடியவில்லை. ஆளுக்கு ஆள் கூடி ‘கருங்காட்டுக் குடிகள்’ என்று குழு ஆரம்பித்தார்கள். முருகானந்தம்தான் அட்மின்.

அந்த ரசிகர்களை நம்பி ஒரு புண்ணியவான் ராசிபுரம் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு ஓட்டல் கட்டினார். ஓட்டல் என்று சொன்னால் குழுவிலிருந்து நீக்கிவிடுவார்கள். கோட்டை. தொடரில் வந்த அதே கோட்டை. வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வேஷத்தையும் அதற்கான உடுப்பையும் கொடுப்பார்கள். உள்ளே இருக்கும்வரை நீங்கள் அந்த ஆள்தான். ராசா, மந்திரி, ஒற்றன், குடியானவன், எது வேண்டுமானாலும். சாப்பிடுவதும் தூங்குவதும் அந்த ஆளாகவேதான்.

சண்டையை ஆரம்பித்து வைத்தவர் அம்மாபேட்டைத் தறிக்காரர் நாச்சிமுத்து. மனைவியோடும் மைத்துனனோடும் கோட்டைக்குப் போனவருக்கு ராசா வேஷம் கிடைத்தது. சிம்மாசனத்தில் உட்கார்ந்த குஷியில், காவலுக்கு நின்ற மைத்துனனைப் பார்த்து, “உன் வீரத்தை மெச்சினோம். எம் குதிரையை உனக்கே தந்தோம்!” என்று வாய்விட்டுவிட்டார். அடுத்த வாரம் மைத்துனன் வீட்டு வாசலில் வந்து நின்றான். “மச்சான், குதிரைச் சாவியக் குடுங்க.” வீட்டில் இருந்த ஒரே குதிரை புல்லட்.

குழு இரண்டாக உடைந்தது. வேஷம் வாசலோடு சரி என்றது வாசல் கட்சி. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்றது வாக்குக் கட்சி. வாக்குக் கட்சிக்குத் தலைவர் நம்மவர். “வாசல்ல செத்துப்போற வாக்குன்னா அது கோட்டை இல்லீங்க, லாட்ஜு!” என்று அவர் போட்ட போட்டில் நாச்சிமுத்து புல்லட்டை இழந்தார்.

முருகானந்தத்தின் மனைவி ரஞ்சனி இந்தச் சண்டையை அட்டையில் முட்டை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, அப்ப நீங்க அங்க போயி ராசாவா இருந்து ஒண்ணு சொன்னா, அது நம்மூட்டுலயும் நிக்குமுங்களா?”

“நிக்கும்.”

“ஆருக்குச் சொன்னாலும்?”

“ஆருக்குச் சொன்னாலும். என்ன புள்ள, என்னையும் நாச்சிமுத்தாட்ட நெனச்சுட்டியா?”

“எனக்கென்னமோ துணிய மாத்துனதும் எல்லாம் முடிஞ்சு போச்சுன்னுதான் படுதுங்க.”

“நீ வாசல் கட்சி. உனக்கு ரசனை பத்தாது.”

“இருக்கட்டுங்க. இப்பச் சொன்னீங்களே, அதை அப்படியே குழுவுல போட்டுருங்க. பொறவு பேச்சு மாறக் கூடாது பாருங்க.”

கோழிச் சத்தத்தோடு போன அந்தக் குரல் பதிவு அப்படித்தான் போனது. மனைவியே தூண்டிவிடுகிறாளே என்று முருகானந்தத்துக்கு அன்று பெருமை பிடிபடவில்லை.

ரஞ்சனிக்கு அந்தச் சமயம் வேறொரு கவலை. பிறந்த ஊர் தம்மம்பட்டியில் மாரியம்மன் நோம்பி வருகிறது, ஊரே கூடும் திருவிழா. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு நோம்பிக்கும் அவள் போனதில்லை. கோழிகள் விடவில்லை. முட்டைக்கோழி ஆள் மாறினால் மிரளும், உடுப்பின் நிறம் மாறினால்கூட மிரளும், மிரண்டால் முட்டை குறையும். இதெல்லாம் கொஞ்சம் நிஜம்தான். முருகானந்தம் அந்தக் கொஞ்சத்தை இத்தனை வருஷமாக ஊதி ஊதிப் பெருக்கி வைத்திருந்தார். “உன்ற நீலச் சட்டையக் காணோம்னா கோழி பட்டினி கெடக்கும் புள்ள” என்பார். சேலைக்கு மேல் அவள் போட்டுக்கொள்ளும் பழைய சட்டை அது. அப்புறம் தான் மட்டும் தம்மம்பட்டி போய், மாமியார் முத்தாயம்மாள் கையால் கறிவிருந்து சாப்பிட்டுத் திரும்பி வருவார்.

இந்த வருஷம் முத்தாயம்மாள் போனில் அழுதேவிட்டார். “இந்த நோம்பிக்காச்சும் வந்து பத்து நாள் இருந்துட்டுப் போ சாமி.”

ரஞ்சனி கேட்டாள். முருகானந்தம் கோழிச் செட்டுப் பக்கம் கையைக் காட்டினார். அதோடு பேச்சு முடிந்தது.

இந்த நேரத்தில்தான் அவருக்குக் கோட்டைக்குப் போகும் வேளை வந்தது. அங்கே ஒரு சட்டம். தனியாக வரும் ஆம்பளைக்கு ஈட்டிதான், காவலுக்கு நிற்க வேண்டியதுதான். ராசா வேஷம் வேண்டுமென்றால் ஜோடியாக வரவேண்டும். முருகானந்தம் ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டு மனைவியிடம் வந்தார்.

“ஏம்புள்ள, கெளம்பு. பக்கத்துப் பண்ணைச் சின்னுசாமியண்ணன் கோழியப் பாத்துக்குவாரு. ரண்டு நாள்தானே. கோழி ஒண்ணும் பண்ணாது.”

கோட்டை என்றதும் கோழிகளுக்குத் திடீரென்று பக்குவம் வந்துவிட்டது. ரஞ்சனி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “செரிங்க” என்றாள். முருகானந்தம் அந்தப் பார்வையைக் கவனித்திருந்தால் அன்றைக்கே ஈட்டியைத் தேர்ந்தெடுத்திருப்பார்.

கோட்டை வாசலில் ராணி உடுப்பை நீட்டினார்கள். ரஞ்சனி வாங்கவில்லை.

“இது கனமா இருக்குமுங்க. எனக்குக் குடியானவ வேசமே போதும்.”

ஆசையே இல்லாத ஜீவன் என்று முருகானந்தம் மனதுக்குள் இரக்கப்பட்டார். ராணியில்லாத ராசாவாக உள்ளே நுழைந்தார்.

நுழைந்தவர் அசந்து நின்றுவிட்டார். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் மதில். அகழியில் நிஜத் தண்ணீர், அதில் நிஜத் தாமரை. கொம்பு ஊதினார்கள். முரசு அதிர்ந்தது, அந்த அதிர்வு காலில் ஏறி நெஞ்சில் வந்து நின்றது. வரிசையாக எரியும் விளக்குகளின் எண்ணெய் வாசம். அவர் நடக்க நடக்க இரண்டு பக்கமும் ஆட்கள் குனிந்துகொண்டே வந்தார்கள். “தண்ணி” என்று முணுமுணுத்தார். நாலு பேர் ஓடினார்கள். சொந்த வீட்டில் அவர் தண்ணீர் கேட்டால், குடம் எங்கே இருக்கிறது என்றுதான் பதில் வரும். மனுஷன் கட்டினதா இது, இல்லை தெய்வம் கட்டினதா என்று நினைத்து நினைத்து மாய்ந்து போனார்.

மறுநாள் காலை நீதி சபை. மண்டபம் நிறையக் கூட்டம், பாதிப் பேர் குழு ஆட்கள். சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் ஈட்டியோடு ஒரு காவலன். பார்த்தால் நாச்சிமுத்து! புல்லட் போனதிலிருந்து அவர் மனைவி கோட்டைப் பக்கமே வர மறுத்துவிட்டதால் மனுஷர் தனியாக வந்து ஈட்டி பிடித்துக்கொண்டிருந்தார். அட்மின் வாக்கு எப்படி நிற்கிறது என்று நேரில் பார்க்க வந்தாராம்.

முதலில் மாட்டுத் திருட்டு வழக்கு. அடுத்து மாமரத் தகராறு. இரண்டிலும் ராசா வெளுத்து வாங்கினார். கூட்டம் வாழ்க, வாழ்க என்றது. மூன்றாவதாக ஆராய்ச்சி மணி அடித்தது.

கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு குடியானவள் வந்து நின்றாள். ரஞ்சனி.

“சாமி, என்ற புருசன் கிளி வளத்தறாருங்க. ஒண்ணு ரண்டில்லீங்க, ஒரு காடு நெறையக் கிளி. நான் இல்லீன்னா அதுக தின்னாதாம், பேசாதாம். அதைச் சொல்லியே என்னை எங்கம்மா ஊட்டு நோம்பிக்கு அனுப்பறதில்லீங்க. அவரு மட்டும் வருசா வருசம் போயி எனக்கும் சேத்து விருந்து தின்னுட்டு வாராரு. வந்து, ‘உங்கம்மா நல்லாருக்குது’ன்னு ஒரு வார்த்தை சொல்லுவாரு. எங்கம்மாளுக்கு எப்ப மூக்குக்கண்ணாடி போட்டாங்க, எப்ப நடை தளந்துச்சு, ஒண்ணும் தெரியாதுங்க எனக்கு. பெத்தவ மொகத்தை இன்னொருத்தரு வாயாலயே பாத்துட்டிருக்கறேனுங்க சாமி.”

முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முருகானந்தம் சிம்மாசனத்தின் நுனிக்கே வந்துவிட்டார். வீட்டில் ‘ம்’, ‘செரிங்க’ என்ற இரண்டு சொல்லில் காலம் தள்ளும் ரஞ்சனியா இது? என்ன பேச்சு! தொடரில்கூட இப்படி ஒரு காட்சி வரவில்லையே! வேஷத்துக்குள் இப்படியா ஒருத்தி கரைந்து போவாள் என்று உருகினார். கதை யாருடையது என்று சபை முழுக்கத் தெரிந்துவிட்டது, ஈட்டிக்காரருக்கும் தெரிந்துவிட்டது. ராசாவுக்குத் தெரியவில்லை. கிரீடம் காதுவரைக்கும் இறங்கியிருந்தது.

ராசா எழுந்தார். மீசை துடித்தது.

“எம் நாட்டில் இப்படியும் ஒரு பாதகனா! கேளுங்கள் நம் தீர்ப்பை. இந்தப் பெண் நாளையே தாய் வீடு செல்லட்டும். மனம் நிறையும்வரை அங்கேயே இருக்கட்டும். அதுவரை கிளிகளுக்கு அந்தப் பாதகனே இரை வைக்கட்டும். கிளிகள் மிரளாமல் இருக்க, இவள் உடுப்பையே அவன் உடுத்தட்டும்!”

கடைசி வரி அவருக்கே பிரமாதமாகப் பட்டது. கூட்டம் கூரை அதிரக் கத்தியது.

மந்திரி முன்னால் வந்தார். “அம்மையே, உன் கணவன் பெயரைச் சொல். ஓலை அனுப்ப வேண்டும்.”

ரஞ்சனி தலையைக் குனிந்துகொண்டாள். “புருசன் பேரைச் சொல்ற வழக்கம் எனக்கு இல்லீங்களே.”

அது நிஜம். அந்தக் காலத்துப் பொம்பளையாட்டம் என்று தோழிகள் கேலி செய்தாலும், ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவளை விட்டுத்தான் சொல்ல வைப்பாள்.

“பெயர் தெரியாமல் தண்டனையை யாருக்கு நிறைவேற்றுவது?”

“ஆளைக் கையக் காட்டறேனுங்க. பாத்துக்குங்க.”

வலது கையைத் தூக்கி, விரலை நேராகச் சிம்மாசனத்துக்கு நீட்டினாள்.

முருகானந்தம் முதலில் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

மந்திரி சம்பளத்துக்கு நடிப்பவர். அவருக்கு இதற்கு வசனம் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. காவலர்கள் சிரிக்கக் கூடாது என்பது கோட்டைச் சட்டம். நாச்சிமுத்து சிரிக்கவில்லை, ஆனால் ஈட்டி மட்டும் தரையில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பும் வழியில் காரில் ராசா இல்லை. முருகானந்தம்தான் இருந்தார்.

“ஏம்புள்ள, அதெல்லாம் வேசந்தானே?”

“அப்படீங்களா? அதையே குழுவுல போடுங்க.”

போன் கைக்கு வந்ததிலிருந்து அது ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அட்மின் வாக்கு நிற்குமா, லாட்ஜா கோட்டையா, பொண்டாட்டி உடுப்பை எப்போது உடுத்துவார் என்று கேள்விக்கு மேல் கேள்வி. வாக்கு நிற்கும் என்றால் மனைவி போய்விடுவாள். நிற்காது என்றால் மானம் போய்விடும். ராசிபுரத்திலிருந்து எருமப்பட்டிவரை இரண்டையும் மாற்றி மாற்றி எடை போட்டார். பத்து நாள் கோழி பார்ப்பதைவிட மானம் லேசாகத்தான் இருந்தது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் குழுவில் அடித்தார்: ‘வேஷம் வாசலோடு சரி. ராசா உத்தரவு வெளியே செல்லாது.’ வாசல் கட்சி வெடி வெடித்தது. நாச்சிமுத்து புல்லட்டைத் திரும்பக் கேட்கக் கிளம்பிவிட்டதாகத் தகவல் போட்டார்.

முருகானந்தம் நிம்மதியாக உள்ளே போனார். ரஞ்சனி பையில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“பையப் பிரிச்சு வை புள்ள. உன்ற கட்சி ஜெயிச்சுருச்சு. அந்தத் தீர்ப்புச் செல்லாது.”

“ராசா சொன்னது வெளிய செல்லாதுங்கறீங்க?”

“செல்லாது. எழுதியே குடுத்துட்டேன்.”

“ரொம்பச் சந்தோசமுங்க. அங்க தலையில கிரீடம் இருந்துச்சு, சிம்மாசனம் இருந்துச்சு, அத்தனை பேரு கும்புட்டுட்டு நின்னாங்க. அப்பேர்ப்பட்ட ராசா ‘போ’ன்னு சொன்னதே செல்லாதுன்னா, இங்க கைலியக் கட்டிட்டு நீங்க ‘போகாதே’ங்கறது மட்டும் எப்படீங்க செல்லும்?”

குழுவில் இத்தனை மாதமாக ஒருத்தரையும் பேசவிடாத மனுஷர் விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். வாக்கு நின்றாலும் அவள் போகிறாள், நிற்காவிட்டாலும் போகிறாள். அந்தக் கோட்டையைக் கட்டியவன் கெட்டிக்காரன்தான். ஆனால் இப்படி வெளியேற வாசலே இல்லாத ஒரு கோட்டையை அவன் கனவிலும் கட்டியிருக்க மாட்டான் என்று மலைத்துப் போய் மனைவியைப் பார்த்தார். ரஞ்சனி ஆணியில் தொங்கிய நீலச் சட்டையை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

“கொஞ்சம் புடிக்குமுங்க. கையத் தூக்காதீங்க, கிழிஞ்சுரும்.”

மறுநாள் காலை எருமப்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு அவரே பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வண்டி வந்தது. ரஞ்சனி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

“எப்ப வாரே?”

“மனசு நெறஞ்சதும் வாரேனுங்க.”

முருகானந்தத்துக்கு ஆற்றாமையைவிட ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேவிட்டார்.

“சபையே அசந்து போச்சு புள்ள. நானே அழுதுட்டேன். அப்படிப் பேச எங்க கத்துக்கிட்டே?”

“இத்தனை வருசமா கோழிககிட்டப் பேசிப் பழகுனதுதானுங்க. அதுகளும் உங்களாட்டத்தான், நான் சொல்றது ஒண்ணையும் காதுல வாங்காதுக.”