சீட்டு பாய் தைத்த இரண்டாவது பொத்தான்

உலகத்தில் ஒழுங்காக உட்காரத் தெரிந்தவர்கள் மொத்தம் நான்கே பேர் என்பது சீட்டு பாயின் தீர்மானம். அவர் ஒருவர், அவருடைய சம்சாரம் சுபைதா அக்கா ஒருவர், சேந்தமங்கலத்தில் ஒரு லாரி டிரைவர். நான்காவது ஆள் யாரென்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. அது நான் இல்லை என்பதை மட்டும் பார்த்த முதல் நாளே சொல்லிவிட்டார்.

காளப்பநாயக்கன்பட்டியில், கொல்லிமலைக்கு ரோடு திரும்புகிற பக்கம் அவருடைய தகர ஷெட் இருந்தது. லாரி, பஸ், ஜீப் எதுவானாலும் சீட்டு தைப்பார். ஊருக்குப் புதியவர்கள் ஏலச்சீட்டு என்று நினைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அவர்களையும் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, முதுகு எப்படி வளைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். டிரைவரைக் கூட்டிவராமல் வண்டியை மட்டும் கொண்டுவந்து விட்டால் தொடமாட்டார். காலைக் காட்டாமல் செருப்பு தைக்கச் சொன்னால் எப்படி என்று கேட்பார். பஸ் முதலாளி ஒருவர் இதற்காகவே மூன்று முறை மலைக்கும் ஷெட்டுக்கும் அலைந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் தொண்ணூறுகளின் கடைசியில் நான் ஒரு கைத்துப்பாக்கிக்கு உறை தைக்கப் போனேன்.

அப்போது எனக்கு நாற்பது வயது. கணவர் இறந்து இரண்டு வருஷம். கொல்லிமலைமேல் செம்மேட்டுக்குப் பக்கத்தில் காப்பியும் மிளகுமாக ஒரு சின்னத் தோட்டம். மிளகுக் கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரங்கள்மேல் யாருக்கோ கண். ஒவ்வொன்றாக மரம் காணாமல் போனது. போலீசில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. மரத்தை மறந்துவிட்டால் உயிரோடு இருக்கலாம் என்று எழுதி, ‘இப்படிக்கு தங்கள் நலம் விரும்பி’ என்று முடித்திருந்தார்கள். அந்த மரியாதைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. துப்பாக்கி லைசென்சுக்கு விண்ணப்பம் போட்டேன். விசாரணை, கையெழுத்து, மறுபடி விசாரணை என்று பல மாதம் அலைந்த பிறகு லைசென்ஸ் கிடைத்தது.

என் ஜீப்புக்கு சீட்டு தைத்தவர் பாய். வெளியே தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொள்ள ஓர் உறை வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். ஊசியைக் கீழே வைத்தார். துப்பாக்கி வாங்கியாயிற்றா என்று கேட்டார். இல்லை, கோயம்புத்தூர் கடையில் மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், பெரிய ரிவால்வர் ஒன்று பிடித்திருக்கிறது என்றேன்.

“சுடறது என்னைக்கோ ஒரு நாளுங்க அம்மணி. சொமக்கறது தெனமும். சொமந்து பாத்துட்டு வாங்குங்க” என்றார்.

கடைக்காரர் கொடுத்த தாளில் மூன்றின் எடையும் இருந்தது. பாய் மூன்று ரெக்ஸின் பைகள் தைத்து, அந்தந்த எடைக்கு மணல் அடைத்தார். ஒன்றுக்கு ஒரு வாரம் என்று சேலைக்குள் இடுப்புப் பட்டையில் கட்டிக்கொண்டு நடமாட வேண்டும் என்பது உத்தரவு. முதல் வாரம் ஒரு கிலோ. சேலைக் கொசுவம் நாளுக்கு நான்கு முறை அவிழ்ந்தது. சோளக்காட்டுச் சந்தையில் மிளகுக்காரர் ஒருவர், அம்மாவுக்குக் குடலிறக்கம், வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார் என்று பேசிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. இரண்டாவது வாரம் முக்கால் கிலோ. இடது இடுப்பு வலித்தது. மூன்றாவது வாரம் அரை கிலோ. புதன்கிழமைவாக்கில் பை இருப்பதையே மறந்து அதோடு குளித்துவிட்டேன்.

பாய்க்கு அதைக் கேட்டதில் பரம சந்தோஷம். இதுதான் அளவு என்றார்.

கோயம்புத்தூர் கடைக்காரர் பெரிய ரிவால்வரைத் துடைத்து எடுத்து வைத்தார். நான் மணல் பையை மேசைமேல் வைத்து, இந்தக் கனத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் தொழிலில் அப்படி யாரும் கேட்டதில்லையாம். பையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கூடு அளவுக்கு ஒரு சின்ன பிஸ்டலைக் கொண்டுவந்தார். சின்னது என்பதால் கையில் கூடுதலாக உதைக்கும், பழகாமல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எச்சரித்தார். பழகும் இடத்தில் பத்து முறை சுட்டேன். எட்டு குறியில் படவில்லை. மீதி இரண்டும் பக்கத்து ஆளின் குறியில் பட்டன.

அசல் வேலை இதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. பாய் அந்தப் பிஸ்டலைத் தொட மறுத்துவிட்டார். அது இருக்கிற இடத்தில் தன் ஊசி ஓடாது என்றார். செய்தித்தாளில் வைத்து அதன் உருவத்தை நான் வரைந்து கொடுக்க, அவர் பலா மரத்தில் அச்சாக ஒன்று செதுக்கி, உள்ளே ஈயம் ஊற்றி எடையைச் சரிசெய்தார். அந்த மரப் பிஸ்டலுக்குத்தான் உறை தைத்தார்.

பெண்பிள்ளையின் இடுப்பை அவர் அளக்கமாட்டார். ஷெட்டின் நடுவே தார்ப்பாயைத் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்துகொண்டார். இந்தப் பக்கம் சுபைதா அக்கா டேப்போடு நின்றார். வலது பக்கம் வைத்தால் ஊரே பார்க்கும், இடது பக்கம் வைத்தால் முந்தானை மறைக்கும், வலது கை குறுக்கே போய் எடுக்கட்டும் என்று தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து குரல் வரும். குனியச் சொல்வார். குந்தச் சொல்வார். மிளகு பறிக்கிற மாதிரி ஏணியில் ஏறச் சொல்வார். ஜீப் ஓட்டும்போது மரப் பிஸ்டலின் கைப்பிடி விலா எலும்பில் குத்துகிறது என்றேன். விரற்கடை அளவு முன்னால் சாய்த்தார். இப்போது கியர் போடும்போது முழங்கையில் இடிக்கிறது என்றேன். இதற்கு ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு, ஜீப் சீட்டைப் பிரித்துத் திருத்தினார். உறையின்மேல் அவர் குறை சொல்ல விடவில்லை.

அசல் பிஸ்டலின் கைப்பிடி என் கையில் வழுக்கியது. சைக்கிள் டியூபை வெட்டிக் கொடுத்து, வீட்டில் போய் நானே மாட்டிக்கொள்ளச் சொன்னார். விசையில் விரல் போகும் இடம் முழுக்க உறைக்குள் மூடியிருக்க வேண்டும் என்பதில் மட்டும் அரைக்கால் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காகவே இரண்டு உறைகளை வெட்டிப் போட்டார்.

தைத்து முடித்த பிறகும் ஒரு மாதம் மரப் பிஸ்டலை வைத்துத்தான் பழக வேண்டும் என்றார். அந்த மாதத்தில் ஸ்டேஷனில் ஆயுதத்தைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. நான் நினைவில்லாமல் போய், சப்-இன்ஸ்பெக்டரின் மேசைமேல் கம்பீரமாக ஒரு பலாக்கட்டையை எடுத்து வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலைப்பாடு நன்றாயிருக்கிறது, நம்பர் எங்கே அடித்திருக்கிறது என்று கேட்டார். ஏட்டு ஒருவர் சிரிப்பை அடக்க வெளியே ஓடினார்.

கடைசியில் அசல் பிஸ்டல் உறைக்குள் போனது. ஒரு குறைதான். உறையின் வாயை மூடும் வாரில் இரண்டு பொத்தான்கள். முதலாவது டிச் பட்டன், விரல் பட்டால் திறந்துகொள்ளும். இரண்டாவது கோட்டுப் பொத்தான். துளை மிகவும் சின்னது. தள்ளித் திருகி இழுத்தால்தான் வரும். ஆபத்து நேரத்தில் இதை யார் கழற்றுவது, துளையைக் கொஞ்சம் பெரிதாக்கித் தாருங்கள் என்று மூன்று முறை மலையிறங்கிப் போய்க் கேட்டேன். மூன்று முறையும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. எனக்குக் கோபம். போய்ப் பிளேடால் நானே பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காப்பி பறிப்பு வந்துவிட்டதால் தள்ளிப்போனது.

அந்தப் பறிப்புக் காலத்தில் ஒரு நாள், விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும், மேல்காட்டில் மரம் விழும் சத்தம் கேட்டது. தனியாகத்தான் போனேன். பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மரம் வெட்டிக் கிடந்தது. வெட்டிய இடத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. யாரது என்று கத்தினேன். பதில் இல்லை. பனிக்குள்ளிருந்து தலையோடு கம்பளி போர்த்திய ஓர் உருவம், கையில் அரிவாளோடு, என்னைப் பார்த்து வேகமாக வந்தது.

அந்தக் கடிதத்தின் கடைசி வரிதான் கண்ணில் நின்றது. நில் என்றேன். நிற்கவில்லை. என் கை முந்தானைக்குள் போய்விட்டது. முதல் பொத்தான் திறந்தது. இரண்டாவது வரவில்லை. தள்ளினேன், திருகினேன், நகம் பெயர்ந்தது. எல்லாம் இரண்டு மூன்று நொடி இருக்கும். அதற்குள் அந்த உருவம் கம்பளியைத் தலையிலிருந்து இறக்கியது.

“நாந்தாங்கம்மா, பொன்னன். ஓடிப் போயிட்டானுங்க. ரம்பத்தப் புடுங்கிப்புட்டேன்.”

பக்கத்துக் காட்டில் தினையும் மரவள்ளியும் போடுகிறவர் பொன்னன். கம்பளிக்குள் காதைச் சுற்றித் துண்டு கட்டியிருந்ததால் என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. என் மரத்துக்காக மூன்று பேரைத் தனியாகத் துரத்திவிட்டு வந்திருந்தார். புறங்கையில் ரத்தம். நான் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பயந்துவிட்டேன் என்று நினைத்து அவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நான் எதற்குப் பயந்தேன் என்பதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பொன்னன் பிடுங்கிய ரம்பத்தை வைத்து அந்த மாதமே ஆட்களைப் பிடித்துவிட்டார்கள். மரம் காணாமல் போவதும் நின்றது.

நான் மறுநாளே மலையிறங்கி பாயிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஒரு லாரி சீட்டுக்குத் தேங்காய் நார் அடைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் நாரைக் கீழே போட்டார்.

“ஒரு பொத்தான் அது கீழ உழுவாம இருக்கறதுக்குங்க அம்மணி. இன்னொண்ணு நீங்க ரோசிக்கறதுக்கு” என்றார். கையைத் துடைத்துக்கொண்டு, “தெச்சுக் குடுத்ததிலிருந்து எனக்கும் நிம்மதி இல்லீங்க. அந்தத் தொளை உங்க உசுரக் காவு வாங்கிருமோன்னு ஒரு பக்கம். பெருசாக்குனா வேற யாரு உசுரோன்னு ஒரு பக்கம்” என்றார்.

மூன்று முறையும் என் எதிரே உட்கார்ந்து அந்த டீயை எப்படிக் குடித்திருப்பார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரே பேச்சை மாற்றி, வருத்தத்தில்கூட நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

லைசென்ஸ் முடிந்தபோது நான் புதுப்பிக்கவில்லை. பிஸ்டலைக் கடைக்காரரிடமே முறைப்படி ஒப்படைத்துவிட்டேன். அவர் மணல் பையை விசாரித்தார்.

நான்கு வருஷம் கழித்துப் பொன்னனின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. பாயையும் சுபைதா அக்காவையும் ஜீப்பில் நானே மலைமேல் கூட்டிப்போனேன். யார் வீட்டுக் கல்யாணம், நமக்கு என்ன உறவு என்று பாய் வழியெல்லாம் கேட்டார். வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். பந்தலில் புதுவேட்டியோடு எல்லோரையும் கும்பிட்டு நின்ற பொன்னனைக் காட்டி, அன்றைக்குப் பனிக்குள் வந்தவர் இவர்தான் என்று மெதுவாகச் சொன்னேன்.

பாய் நேராகப் போய்ப் பொன்னனின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. பொன்னனுக்குப் புரியவில்லை. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. பந்தி முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“ஏனுங்கம்மா, அந்தப் பெரியவரு யாருங்க? கண்ணு கலங்கி நின்னாரு” என்று கேட்டார்.

“எங்க ஊட்டு ஆளுதானுங்க” என்றேன்.