சுபமுகூர்த்த டோக்கன்

குப்பையிலிருந்து ஒரு பொருளை எடுப்பவன், அது ஏன் குப்பைக்கு வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்கவில்லை. எனக்குப் பேச்சு குறைவு. கேள்வி அதைவிடக் குறைவு.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. படிப்பு எட்டாவது. (பாஸா என்று கேட்காதீர்கள்.) சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பேப்பர் பண்டல் சுமந்துகொண்டிருந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. உட்கார்ந்து செய்கிற வேலை தேடினேன். காதர் பாய் நின்று செய்கிற வேலை கொடுத்தார்.

தீபாவளி சீசன். வெடி வாங்க வெளியூர்க்கூட்டம் குவிந்து, பஜாரில் நடக்க வழியில்லை. தெருவில் வண்டி நிறுத்தக்கூடாது என்று நகராட்சி சொல்லிவிட்டது. பஜாருக்குப் பின்னால் ஒரு காலி மைதானத்தைக் கம்பி கட்டி, டூவீலர் ஸ்டாண்டாக்கிக் குத்தகைக்கு விட்டது. குத்தகை எடுத்தவர் காதர் பாய். ஜவுளி வியாபாரி. வண்டிகளைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார். காக்கிச் சட்டையும் ஒரு விசிலும் கொடுத்தார். முதல் நாள் பலமாக ஊதினேன். எதிரே வந்த மாடு மட்டும் நின்றது.

இடம் சின்னது. வண்டிகளை இடித்து இடித்துத்தான் அடுக்க வேண்டும். அதனால் சாவியை வாங்கி ஆணிப்பலகையில் மாட்டிவிடுவோம். எந்தச் சாவி யாருடையது என்று தெரிய டோக்கன் வேண்டும். டோக்கன் அடிக்க அச்சகத்துக்குப் போனேன்.

"காலண்டர் சீசன்லே. தை மாசம் வா" என்றார்கள்.

நாட்டுக்கே அச்சடித்துக் கொடுக்கிற ஊரில் எனக்கு நூறு டோக்கன் அடிக்க ஆளில்லை.

இரண்டு நாள் சீட்டிலேயே சாக்பீஸால் நம்பர் எழுதினேன். மூன்றாம் நாள் ஒருவர் வெள்ளை வேட்டியோடு திரும்பி வந்தார். பின்பக்கம் பதினாலு இடவலம் மாறிப் பதிந்திருந்தது. நிச்சயதார்த்த வீட்டில் எல்லோரும் படித்துவிட்டார்களாம்.

அன்று மாலை, நான் முன்பு வேலை பார்த்த அச்சகத்தின் கழிவுக் குவியலில் இரண்டு தினசரி காலண்டர் கட்டுகள் கிடந்தன. அடுத்த வருஷத்தது. இரண்டும் ஒரே மாதிரி. எனக்குப் பொறி தட்டியது. ஒரு கட்டில் ஜனவரி ஒன்று கிழித்துச் சாவியில் கட்டுவது. இன்னொரு கட்டில் அதே ஜனவரி ஒன்று கிழித்து ஆளிடம் கொடுப்பது. வருஷம் முழுக்க ஜோடி. அச்சடிக்கவே வேண்டாம். என் வாழ்க்கையில் நானாக யோசித்த முதல் யோசனை அது. கடைசியும் அதுதான்.

"மூளைலே உனக்கு!" என்றார் காதர் பாய். அதற்கு முன் யாரும் அதைக் கவனித்ததில்லை.

மறுநாள் காலையில்தான் சிக்கல் தெரிந்தது. தாளில் தேதி மட்டுமா இருக்கிறது? ராகுகாலம், அஷ்டமி, கரிநாள், சந்திராஷ்டமம் எல்லாம் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் காலண்டர் அடிக்கிறவர்கள். படிக்காமல் விடுவார்களா?

"ஏலே, கரிநாளைக் குடுக்கியே. பத்திரம் பதியப் போறேன். விளங்குமா?"

"வண்டிக்குத்தான்க்கா."

"வண்டியிலதானலே போறேன்! மாத்திக் குடு."

இன்னொருவர் கண்ணாடி போட்டு முழுத்தாளையும் வாசித்தார். "என் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம்" என்று திருப்பிக் கொடுத்தார். பின்னால் வரிசை பஜார் முக்கு வரை நின்றது. பதினொரு மணிக்குள் முகூர்த்த நாளெல்லாம் தீர்ந்துவிட்டது. அஷ்டமியையும் நவமியையும் வெளியூர்க்காரர்கள் தலையில் கட்டினேன். (அவர்கள் வெடிவிலையை மட்டும்தான் படித்தார்கள்.)

இதற்கிடையே வீட்டில் வேறு கதை. எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று இடம் தட்டிப்போனது. மாப்பிள்ளை வாய் திறக்க மாட்டேன்கிறாராம். நான்காவது, சாத்தூர் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீடு. பெண்ணின் போட்டோவைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். எனக்குப் பிடித்துப்போனது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா சொன்னாள்: "பொண்ணோட அப்பா ஒருநாள் சொல்லாமக் கொள்ளாம வந்து, நீ வேலை பாக்குறதைப் பாப்பாராம்லே. இதையும் கெடுத்துப்புட்டேன்னா எனக்குத் தரகர் மூஞ்சியில முழிக்க முடியாது."

அந்த வாரம் வெள்ளை வேட்டி கட்டிய எல்லோரும் எனக்கு மாமனார். ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு இரண்டு தடவை சீட் துடைத்துக் கொடுத்தேன். அவர் என்னைப் பாலிசி எடுக்கச் சொன்னார்.

வரப்போகிறவருக்காக ஒரு ஜோடித் தாளைச் சட்டைப்பையில் ஒதுக்கி வைத்திருந்தேன். ஆவணி மாதம். வளர்பிறை. சுபமுகூர்த்த நாள் என்று சிவப்பில் அச்சடித்தது.

புதன்கிழமை ஒருவர் புது ஸ்கூட்டரில் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். என்னை ஏற இறங்கப் பார்த்தார். இவர்தான் என்று முடிவு செய்தேன். ஒதுக்கி வைத்ததை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தேன்.

"என்ன தம்பி, வண்டி விடுறதுக்கு இம்புட்டு மரியாதை?" என்றார். போய்விட்டார். அவர் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி என்பது அப்புறம் தெரிந்தது.

அடுத்து ஒரு மொபெட். ஓட்டி வந்தவர் கைலி கட்டியிருந்தார். தலையில் துண்டு. முன்னால் ஒரு புண்ணாக்கு மூட்டை.

"தம்பி, நல்ல நாளாப் பாத்துக் குடுங்க. ஒரு நல்ல காரியமா வந்திருக்கேன்" என்றார்.

"தீந்துபோச்சு அண்ணாச்சி."

"கொஞ்சம் பாருங்களேன்."

கட்டைப் புரட்டினேன். ஆவணியில் இன்னொரு முகூர்த்தம் சிவப்பாகத் தெரிந்தது. அவருக்கு யோகம் என்று நினைத்துக் கிழித்துக் கொடுத்தேன். தேதியைப் பார்க்கவில்லை. சிவப்பை மட்டும் பார்த்தேன்.

அவர் தாளை மடித்து வைத்துக்கொண்டு எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தார்.

அரைமணி நேரம் கழித்து ஓர் ஆள் ஓடி வந்தான். கையில் ஆவணி முகூர்த்தம். "கம்பெனியில லோடு ஏத்துறவன் நான். மொதலாளி கார்ல போயிட்டாரு. வண்டியைக் கொண்டாரச் சொன்னாரு."

பலகையில் ஆவணி முகூர்த்தத்தைத் தேடினேன். முதலில் கண்ணில் பட்ட சாவியை எடுத்தேன். மொபெட்டை இழுத்துக் கொடுத்தேன்.

அவன் மூட்டையைப் பார்த்தான். "மொதலாளி புண்ணாக்கு வாங்குனாரா?"

"வாங்கியிருப்பாரு."

"மொபெட்டுலயா வந்தாரு?"

"தாள் சரியா இருக்கு" என்றேன். போய்விட்டான்.

அப்புறம் டீக்கடைக்காரர் எழுந்து வந்து தாளை நீட்டினார். (கடைக்காரர் இல்லை, டீ குடித்த மொபெட்காரரைச் சொல்கிறேன்.) பலகையில் அதே தேதியில் ஒரு சாவி இருந்தது. ஸ்கூட்டர் சாவி. அப்போதுதான் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஸ்கூட்டருக்கும் மொபெட்டுக்கும் ஒரே நாள். ஒரே கிழமை. கட்டை எடுத்து எண்ணினேன். அந்த ஒரு தாள் மட்டும் இரண்டு தடவை சேர்ந்துவிட்டது. இரண்டு கட்டிலும். அதனால்தான் அச்சகத்தில் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

"வண்டி இல்லை அண்ணாச்சி" என்றேன்.

"எங்க?"

"போயிருச்சு."

"யாருகூட?"

"வேற ஆளுகூட. என் தப்புதான்."

அவர் டீக்கடைப் பக்கம் கை காட்டினார். "அங்கனதான் டீ குடிச்சுக்கிட்டிருந்தேன். நம்ம வண்டி மாதிரியே ஒண்ணு போகுதே, புண்ணாக்குக்கூட அதே மாதிரின்னு நினைச்சேன்" என்றார்.

காதர் பாய் தலையில் கை வைத்தார். "யா அல்லா! அந்த மொதலாளிக்குப் போன் போட்டா எடுக்க மாட்டாரு. கம்பெனிக்குள்ள போனே கொண்டு போகக்கூடாது. நீ நேர்ல போ. வண்டியோட வா. இல்லைன்னா வராத."

எதில் போவது? மிச்சம் இருந்த ஆவணி முகூர்த்தத்தில்தான். புது ஸ்கூட்டரை எடுத்தேன். "ஏறுங்க அண்ணாச்சி."

வழியில் அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.

"சிகரெட்டு?"

"இல்ல."

"தண்ணி?"

"குடிப்பேன்." கொஞ்சதூரம் போன பிறகுதான் அவர் எந்தத் தண்ணியைக் கேட்டார் என்று விளங்கியது. "அந்தத் தண்ணி இல்ல அண்ணாச்சி" என்றேன்.

"கூடப் பொறந்தது?"

"ஒரு தங்கச்சி. கட்டிக்குடுத்தாச்சு."

"எப்பவும் இம்புட்டுத்தான் பேசுவீகளா?"

"ஆமா."

வண்டி போனவர் வயிற்றெரிச்சலில் கேட்கிறார் என்று நினைத்தேன். கம்பெனிக்கு ஒரு மைல் இருக்கும்போது பெட்ரோல் தீர்ந்தது. இறங்கித் தள்ளினேன். அவர் இறங்க மறந்துவிட்டார். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

கம்பெனி கேட்டில் முதலாளி கத்திக்கொண்டிருந்தார். "ஸ்கூட்டர் எங்கலேன்னா புண்ணாக்கைக் கொண்டாந்து நிறுத்துறான்! இதை வச்சு நான் என்ன ராக்கெட்டா விட?" திரும்பினார். அவருடைய புது ஸ்கூட்டரை நான் தள்ளிக்கொண்டு வருகிறேன். மேலே கைலி கட்டிய ஒருவர் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்து வருகிறார்.

"ஏலே, அந்தா என் வண்டி! பிடிங்கலே!"

இரண்டு பேர் என்னைப் பிடித்தார்கள். நான் ஓடவில்லை. மூச்சு இல்லை.

பட்டாசுக் கம்பெனியில் கேட் தாண்டி எது வந்தாலும் வாட்ச்மேன் சோதனை போடுவார். தீப்பெட்டி இருக்கக்கூடாது. இந்தக் கூத்துக்கு நடுவிலும் அவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மொபெட்டின் பக்கப்பையில் கை விட்டார். மஞ்சள் தடவிய ஜாதகம் ஒன்று வந்தது. வெற்றிலைப் பொட்டலம் வந்தது. அப்புறம் ஒரு போட்டோ. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மொதலாளி, இது இந்தக் களவாணி போட்டோல்ல?"

ஸ்டுடியோவில் எடுத்தது. பின்னால் அருவி வரைந்த திரை. நான்தான்.

எல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் விளங்கியது. வழியெல்லாம் அண்ணாச்சி, அண்ணாச்சி என்று கூப்பிட்டிருக்கிறேன். மாமனாரை.

அவர் ஸ்கூட்டரிலிருந்து இறங்கினார். துண்டை உதறித் தோளில் போட்டார். "களவாணி இல்லைங்க. எங்க வீட்டுக்குப் பாத்திருக்கிற மாப்பிள்ளை" என்றார்.

பிடித்திருந்த இரண்டு பேரும் கையை எடுத்தார்கள். ஒருவன் என் சட்டையை நீவியும் விட்டான்.

நான் வாழ்க்கையில் முதல் தடவையாக நீளமாகப் பேசினேன். "நீங்கதான்னு தெரிஞ்சிருந்தா உங்க வண்டியைத் தொலைச்சிருக்க மாட்டேன் மாமா."

"அப்போ தெரியாதவன் வண்டின்னா தொலைக்கலாமா?"

அதற்குப் பதிலை இன்றுவரை யோசிக்கிறேன். இல்லை.

முதலாளி சிரித்துவிட்டார். மாமனார் சிரிக்கவில்லை. மூட்டையைச் சரி செய்தார். மொபெட்டில் ஏறினார். இந்த இடமும் போச்சு என்று நான் தரையைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பை அடக்கிய முகம் ஞாபகம் வந்தது.

"வண்டி இல்லைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னீக" என்றார். "ஒரு மைல் என்னையும் வச்சுத் தள்ளுனீக. எறங்குங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலை." சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். "ஆவணியில நல்ல முகூர்த்தம்தான். இதுலயே வச்சுக்கிருவோம். அம்மாகிட்டச் சொல்லுங்க."

போய்விட்டார். எனக்கு ஊர் திரும்ப வண்டி இல்லை. கம்பெனி வேனில் வேலையாட்களோடு நசுங்கி வந்தேன். வண்டியோடு வா என்று சொன்ன காதர் பாயிடம் கல்யாணத்தோடு வந்தேன்.

அந்த ஆவணியில், அந்தத் தேதியில், கல்யாணம் நடந்தது. காதர் பாய் எங்களுக்கு ஒரு தினசரி காலண்டர் பரிசு கொடுத்தார். முழுக்க எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன் என்றார்.

இப்போது ஸ்டாண்டில் மிஷின் டோக்கன் அடிக்கிறது. நான்தான் இன்னும் பார்த்துக்கொள்கிறேன். மனைவி பிறந்தவீட்டுக்குப் போய், நான் கூட்டிவரப் போகும்போதெல்லாம் மாமனார் வாசலில் கையை நீட்டி நிற்பார்.

"டோக்கன் எங்க மாப்பிள்ளை? டோக்கன் இல்லாம எப்படி எடுப்பீக?"

பின்னால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். பேசிப் பயனில்லை. காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துக்கொண்டு போய்விடுவேன். போன வாரமும் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார்:

"ஏத்தா, வந்திருக்காக. ஆனா இதே தேதியில வேற யாரும் வர்றாகளான்னு கொஞ்சம் பொறுத்துப் பாத்துட்டுக் கிளம்பு."