புது ரத்தம் கேட்கும் இயக்குநர்

புது ரத்தப் பிரியர் என்றொரு இனம் உண்டு. அழிந்துவரும் இனமோ என்று பதறாதீர்கள், அமோகமாகப் பெருகிக்கொண்டிருக்கிறது. மேடை ஏறினால் "புதியவர்கள் வரவேண்டும்!" என்று தொண்டை கிழிய முழங்குவார். இறங்கி வந்ததும், பக்கத்து நாற்காலியில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருந்தால், அங்கே நம் கைப்பையை வைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று வருந்துவார்.

இந்த இனத்தின் முதல்தர மாதிரி, ஓநாய் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர். அந்த மலைத்தொடரில் மிஞ்சியிருந்த ஓநாய்கள் அத்தனையும் ஒரே குடும்பம். ஒரு பக்கம் நெடுஞ்சாலை, மறுபக்கம் சுரங்கம். வெளியே போகவும் வழியில்லை, வெளியிலிருந்து வரவும் நாதியில்லை. அண்ணன் தங்கையோடும் தகப்பன் மகளோடும் கூடி, வால் கோணி, பல் குறைந்து, போட்ட குட்டிகளும் தங்காமல் அவை தேய்ந்துகொண்டிருந்தன. "வெளியிலிருந்து ஒரே ஒரு ஓநாய் வந்தால் போதும், இந்த வம்சம் பிழைத்துவிடும்!" என்று சொல்லி இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். முன்வரிசையில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும்.

அவருடைய நிலையத்துக்குள் எட்டிப் பார்ப்போமா? துணை இயக்குநர், மனைவியின் தம்பி. களப்பணித் தலைவர், மூத்த மருமகன். ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் அவரிடமே படித்தவர். கணக்குப் பிரிவில் இருப்பவர் அப்படிப் படித்தவரின் மனைவி. எல்லோரும் அவரைப் போலவே கையைக் கட்டுவார்கள், அவரைப் போலவே கனைப்பார்கள். அவர் நகைச்சுவையை முடிப்பதற்குள்ளேயே சிரித்துவிடுவார்கள். "சார்" என்று ஆரம்பித்துப் பயம் வந்தால் "மாமா" என்று முடிப்பார்கள். இதில் எந்த மரபணுச் சிக்கலும் அவர் கண்ணில் படவில்லை. குடும்பம் மாதிரி இருக்கிறோம் என்று பெருமைதான்.

ஒரு குளிர்காலக் காலையில் காட்டுக் கேமராவில் அதிசயம் விழுந்தது. நெடுஞ்சாலையை எப்படியோ தாண்டி வந்த ஆண் ஓநாய். நேரான வால், அகன்ற மார்பு. பக்கத்தில், நம் மலைப் பெண் ஓநாய் ஒன்று வெட்கமில்லாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. இயக்குநருக்கு நிஜமாகவே கண் கலங்கியது. அதில் பொய்யில்லை. கலங்கிய கண்ணோடே பத்திரிகைக்காரர்களுக்குப் போன் போட்டார்.

"உடனே மயக்க ஊசி போட்டுப் பிடிக்கிறோம். கழுத்துல ரேடியோ பட்டை மாட்டறோம். அதோட நான் நிக்கிற மாதிரி ஒரு படம்" என்றார் கூட்டத்தில்.

"பிரமாதம் சார்" என்றது கூட்டம், ஒரே குரலில்.

ஒரு குரல் மட்டும் சேரவில்லை. தலைமை அலுவலகம் இவரைக் கேட்காமலே அனுப்பிவைத்திருந்த ஆராய்ச்சியாளப் பெண்ணின் குரல்.

"வேணாம் சார். இது ஜோடி சேர்ற சமயம். இப்பப் போய்த் துரத்தினா வந்த வழியே ஓடிடும். அது போட்டுட்டுப் போற எச்சமே போதும், மரபணு எடுத்துடலாம். குட்டி பொறக்கற வரைக்கும் நாம அந்தப் பக்கமே போகக் கூடாது."

மச்சினர் கனைத்தார்.

"இங்க அப்படி வழக்கம் இல்லம்மா."

"வழக்கம் இல்லேன்னா தப்பா சார்?"

கேள்வி இயக்குநரைப் பார்த்துக் கேட்கப்பட்டது. அவர் சிரித்த முகத்தோடு, "உங்களுக்கு நம்ம சூழல் இன்னும் பிடிபடல. கொஞ்ச நாள் கீழ் அறையில பழைய மாதிரிகளுக்குச் சீட்டு ஒட்டுங்க, பழகிடும்" என்றார். அவள் போனதும் அறைக்குக் காற்றோட்டம் வந்ததுபோல் எல்லோரும் மூச்சுவிட்டார்கள்.

மறுநாள் ஜீப்புகள் கிளம்பின. மருமகன் குறிபார்த்தார், ஊசி மரத்தில் பாய்ந்தது, மரம் மயங்கவில்லை. ஓநாய் ஓடியது. அன்று சாயங்காலமே நெடுஞ்சாலையைத் தாண்டி, வந்த திசையிலேயே போய்விட்டது. பிறகு எந்தக் கேமராவிலும் அது தென்படவில்லை.

வசந்தத்தில் இயக்குநர் அந்தப் பெண் ஓநாயின் குகையைப் பார்க்கப் போனார். அது தன் அண்ணனோடு சேர்ந்து ஈன்ற குட்டிகளில் ஒன்று மட்டும் உயிரோடு கிடந்தது. அதற்கும் பால் குடிக்கத் தெம்பில்லை. அவர் மண்ணில் மண்டியிட்டு நெடுநேரம் பார்த்தார். அந்தப் பொண்ணு சொன்னது சரிதானோ என்று நெஞ்சில் ஒரு முள் ஏறியது. அதை வாய்விட்டே சொல்லியிருப்பார். அதற்குள் பின்னாலிருந்து மச்சினர், "இயற்கை மாமா, நாம என்ன பண்ண முடியும்?" என்றார். முள் இறங்கிவிட்டது. பின்னே, உறவு எதற்கு இருக்கிறது?

அந்தப் பெண் ராஜினாமா செய்துவிட்டு, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்து நிலையத்தில் சேர்ந்தாள். காலியான இடத்துக்கு முறைப்படி நேர்முகத் தேர்வு நடந்து, இளைய மருமகன் தேர்வானார். அவரை வரவேற்றுப் பேசிய இயக்குநர், "நமக்குப் புது ரத்தம் கிடைத்திருக்கிறது" என்றார். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

சிரிக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்து ஆசாமி ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார். இதை யாருக்காவது உடனே படித்துக்காட்ட வேண்டும்போல இருக்கும். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் யாருக்கு? நீங்கள் எது சொன்னாலும் "கரெக்ட்" என்று தலையாட்டுகிற அந்த நாலு பேருக்குத்தானே?