யாருக்கு மரை கழன்றது?

இனிமேல் அந்த மெக்கானிக்கின் பேச்சு இந்த வீட்டில் எழவே கூடாது என்று கண்ணாடிக்காரர் வியாழக்கிழமை காலையில் பல் துலக்கும்போதே முடிவு கட்டிவிட்டார். வாயைக் கொப்பளித்துவிட்டு, முகத்தில் ஒரு கண்டிப்பையும் வரவழைத்துக்கொண்டு வெளியே வந்தார். சாப்பாட்டு மேசையில் டீ ஆவி பறக்கக் காத்திருந்தது. மனைவி கன்னத்தில் கை வைத்து எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன காதுங்க அந்த மனுஷனுக்கு!" என்றாள்.

"எல்லாருக்கும் இருக்கற மாதிரி ரெண்டு காதுதானே இருக்கு?"

"அது காதுங்க. நமக்கு இருக்கறதெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டற கொக்கி."

கண்ணாடிக்காரர் டீயை ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு சுட்டது. வயிறு அதற்கு முன்பே எரிந்துகொண்டிருந்ததால் நாக்கு சுட்டது பெரிதாகத் தெரியவில்லை.

அவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவி அதே தெருவில் பல் டாக்டர். இரண்டு பேர் சம்பாத்தியத்தையும் சேர்த்துப் போட்டு அவர்கள் வாங்கியது பிள்ளைகுட்டி ஏற்றிப்போகிற கார் இல்லை. இரண்டே கதவு, இரண்டே சீட்டு, பானெட்டுக்குள் பந்தயத்துக்கென்றே முறுக்கேற்றிய என்ஜின். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கார் சங்கம் வேக ஓட்டம் நடத்தும். ஓட்டுவது எப்போதும் கண்ணாடிக்காரர்தான். கடைசியாக வருவதும் எப்போதும் அவர்தான். "ஒரு தடவை நான் ஓட்டிப் பார்க்கறேனே" என்று மனைவி கேட்கும்போதெல்லாம், "உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு?" என்று தியாகி மாதிரி ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார். அந்த டிரைவர் சீட்டை விட்டால் வீட்டில் அவர் நிமிர்ந்து உட்கார வேறு இடம் கிடையாது.

இந்த வருஷம் ஓட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என்ஜினுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. டிக்கு, டிக்கு, டிக்கு. வேகம் கூட்டினால் அதுவும் கூடும். பெரிய பெரிய பட்டறைக்காரர்கள் பெட்ரோலைக் குறை சொன்னார்கள், ரோட்டைக் குறை சொன்னார்கள், ஒருவர் கண்ணாடிக்காரரையே குறை சொன்னார். கடைசியில் மனைவியே விசாரித்து இந்த மெக்கானிக்கைப் பிடித்தாள். சுருட்டை முடி, வாயில் எப்போதும் சீட்டி, தன்னைப் பற்றித் தானே பெருமையாகப் பேசிக்கொள்கிற ஆள். நீள ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடினார். "மூணாவது ராக்கர்ல நட்டு லூசு" என்றார். திறந்து பார்த்தால் அப்படியே இருந்தது.

ராக்கர் என்பது என்ஜினுக்குள் வால்வுகளை அமுக்கி அமுக்கித் திறக்கிற குட்டிக் கை. ஒவ்வொரு கையின் தலையிலும் ஒரு திருகு. அந்தத் திருகு நகராமல் இறுக்கிப் பிடிக்க ஒரு நட்டு. நட்டு தளர்ந்தால் இடைவெளி கூடிப்போய்க் கை தட்ட ஆரம்பித்துவிடும். இதெல்லாம் கண்ணாடிக்காரருக்கு மனைவி சொல்லித்தான் தெரியும். அவளுக்குக் காதுக்காரர் சொல்லிக் கொடுத்தது. ஆமாம், அன்றைக்கே அவள் அந்த ஆளுக்குக் 'காதுக்காரர்' என்று பட்டமும் சூட்டிவிட்டாள்.

அதோடு விட்டாளா? கிளினிக்கைப் பூட்டியதும் நேரே பட்டறைக்குப் போனாள். பல்லுக்குப் பின்னால் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை எடுத்துப்போய் ராக்கருக்குப் பின்னால் பார்த்தாள். சட்டையில் ஆயில் வாசனையோடு வீடு திரும்பினாள்.

"ஏன் லேட்டு?"

"ட்ரையல் பார்த்தோம். நல்லா பறக்குதுங்க!"

இரண்டே சீட்டுள்ள கார். ஒன்றில் மனைவி. இன்னொன்றில் யார் உட்கார்ந்திருப்பார் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டுமா? கண்ணாடிக்காரர் அன்று ராத்திரி முழுக்க அந்த இரண்டு சீட்டையும் எண்ணிக்கொண்டே படுத்திருந்தார்.

கார் வீடு வந்து சேர்ந்த பிறகும் புகழ்ச்சி ஓயவில்லை. குழாய் சொட்டினால், "காதுக்காரர் இருந்தா வாஷர் எதுன்னு சத்தத்திலேயே சொல்லிடுவாரு" என்றாள். கண்ணாடிக்காரர் குறட்டை விட்டால், "அவர்கிட்ட காட்டினா எங்க லூசுன்னு தெரிஞ்சிடும்" என்றாள். ஒரு புருஷன் எவ்வளவுதான் தாங்குவான்? வியாழக்கிழமை காலை எடுத்த முடிவு சாயங்காலத்துக்குள் ஒரு திட்டமாகவே வளர்ந்துவிட்டது. காதுக்காரர் இறுக்கிய நட்டு ஒன்றைத் தளர்த்திவிட வேண்டும். சத்தம் திரும்ப வரும். அந்த ஆளின் பவிசு காற்றில் பறக்கும். பிறகு வேறு பட்டறையில் காட்டி, ஞாயிற்றுக்கிழமைக்குள் சரிசெய்துகொண்டால் போயிற்று.

வெள்ளிக்கிழமை கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தார். மனைவி கிளினிக்கில் யாருக்கோ கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கார் ஷெட்டின் கதவை உள்பக்கம் தாழ் போட்டு, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, என்ஜின் தலைமேலிருந்த மூடியை ஒருவழியாகக் கழற்றினார். உள்ளே குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஒவ்வொரு நட்டின் மேலும் ஒரு சிவப்புக் கோடு. நட்டில் ஆரம்பித்து ராக்கர் வரைக்கும் நேராக இழுத்த கோடு. பெயின்ட் இல்லை. நெயில் பாலிஷ்.

அந்தச் சிவப்பை அவருக்கு நன்றாகத் தெரியும். கல்யாண நாளுக்குக் கடை கடையாக ஏறி இறங்கி அவர் வாங்கிக் கொடுத்த சிவப்பு. "பேஷன்ட் வாய்க்குள்ள கை விடறவ இதைப் போட்டுக்கிட்டா எவன் வாயைத் திறப்பான்?" என்று சொல்லி அலமாரிக்குள் தள்ளிவிட்டாள். தன் விரலுக்கு ஒரு நாள் பூசாதவள் அந்த ஆளின் பட்டறையில் உட்கார்ந்து நட்டு நட்டாகப் பூசியிருக்கிறாள்! கண்ணாடிக்காரருக்கு அழுகை வந்தது. பொய் சொல்வானேன், சுத்தமான பொறாமையில் வந்த அழுகை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு மூன்றாவது ராக்கரின் நட்டைத் தளர்த்தி, திருகையும் கொஞ்சம் திருப்பிவிட்டார். நெயில் பாலிஷைச் சுரண்டி எறியக் கை பரபரத்தது. சுரண்டினால் யாரோ திறந்து பார்த்தது தெரிந்துவிடுமே என்று மகா புத்திசாலித்தனமாக அதை விட்டுவிட்டார். மூடியை மாட்டினார். கையைக் கழுவினார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

சனிக்கிழமை காலை சாவியைத் திருப்பியதும் டிக்கு, டிக்கு, டிக்கு. கண்ணாடிக்காரருக்கு நாதஸ்வரம் மாதிரி கேட்டது.

"பார்த்தியா உன் காதுக்காரர் லட்சணத்தை!" என்று கூவினார். "நான் அன்னிக்கே சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"சொல்லலாம்னு இருந்தேன்."

"அவரையே கூப்பிடறேன் இருங்க."

"அவர் எதுக்கு? வேற நல்ல ஆளா பார்த்து..." என்று அவர் முடிப்பதற்குள் அவள் போனில் பேசி முடித்துவிட்டாள். சீட்டியடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார் காதுக்காரர். மூடி கழன்றது. மனைவி பல் கண்ணாடியோடு குனிந்தாள். அவரும் குனிந்தார். ஒரே பானெட்டுக்கடியில் இரண்டு தலைகள். நடுவில் தன் தலையையும் நுழைத்துவிடக் கண்ணாடிக்காரர் எவ்வளவோ முயன்றார். இடம் கிடைக்கவில்லை.

"அக்கா, கோட்டைப் பாருங்க" என்றார் காதுக்காரர்.

"பார்த்தேன்."

"என்ன கோடு?" என்றார் கண்ணாடிக்காரர், குரல் கொஞ்சம் இறங்கி.

"நட்டை இறுக்கினதும் நெயில் பாலிஷால ஒரு கோடு போட்டுடுவோம் சார். நட்டு இம்மி நகர்ந்தாலும் கோடு உடைஞ்சிடும். அக்கா யோசனைதான், எங்க பட்டறை மார்க்கர் ஆயில்ல நிக்காதுன்னு சொன்னாங்க. இங்க பாருங்க, கோடு ரெண்டா பிரிஞ்சு நிக்குது. ஆனா இது தானா கழன்ற மாதிரி..."

மனைவி நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். சொத்தைப் பல்லைக் கண்டுபிடித்த டாக்டர் பார்க்கிற பார்வை. ஒரு நொடிதான். உடனே முகம் சாதாரணமாகிவிட்டது.

"தானாதான் கழன்றிருக்கும்" என்றாள். "ஓடற வேகத்துல அதிர்ந்திருக்கும். வேற யாரு வந்து கழட்டப் போறாங்க? என்னங்க?"

"ஆமாமா. அதிர்ச்சிதான்" என்றார் கண்ணாடிக்காரர்.

"அப்ப நாளைக்கு ஓட்டத்துல மறுபடியும் கழலலாம். கவனிக்காம ஓட்டினா என்ஜின் போச்சு. பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கிட்டே வரணும்." மனைவி காதுக்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் வரணும்."

காதுக்காரர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். நாள் முழுக்க 'வாயைத் திறங்க' என்று சொல்லிச் சம்பாதிக்கிறவள், "வாயை மூடுங்க, பேசிக்கிட்டிருக்கேன்ல?" என்றாள். அவர் மூடிக்கொண்டார்.

"சரி, நான் ஓட்டறேன், அவர் பக்கத்துல உட்காரட்டும்" என்றார் கண்ணாடிக்காரர், நல்ல பிள்ளையாக.

"நீங்க எப்படிங்க? சத்தம் வந்தா ஓட்டறவங்க அந்த நிமிஷமே காலை எடுக்கணும். ரெண்டு வாரம் முன்னாடி இந்தக் கார் தட்டினப்ப நீங்க என்ன சொன்னீங்க? 'என்ன சத்தம்? ரேடியோவா?'ன்னு கேட்டீங்க. நான்தான் ஓட்டணும். நானும் அவரும் போறோம். நீங்க மேல கேலரியில உட்கார்ந்து கை தட்டுங்க. சங்கத்துல இன்னொரு ஹெல்மெட் கேட்டா தருவாங்க, நம்ம ஹெல்மெட் மாதிரியே அதுவும் சிவப்புதான்."

கண்ணாடிக்காரரின் மனக்கண்ணில், அது அவர் கடைக் கண்ணாடி எதுவும் இல்லாமலே தெளிவாக வேலை செய்தது, ஒரே மாதிரி சிவப்பு ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வளைவில் திரும்பினார்கள். ஊரே எழுந்து நின்று கை தட்டியது. மானமா, மனைவியா என்று அவருக்குள் ஒரு போராட்டம் நடந்தது. போராட்டம் ரொம்ப நேரம் நடக்கவில்லை.

"நட்டு தானா கழலல!" என்று கத்தினார். "நான்தான் கழட்டினேன்! போதுமா?"

காதுக்காரர் மரியாதையாகக் கூரையைப் பார்த்தார்.

"எதுக்குங்க?" என்றாள் மனைவி, ரொம்ப மெதுவாக.

"எதுக்கா? காலைல எழுந்தா காதுக்காரர், படுத்தா காதுக்காரர்! என் கண்ணைப் பத்தி என்னிக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கியா? ஊருக்கே கண்ணு பார்க்கறவன் நான்! நான் வாங்கித் தந்த நெயில் பாலிஷை நட்டுக்குப் பூசறே! வயிறு எரியாதா?"

"எரியும்தான். பாவம். ஆனா ஓட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி என்ஜினைக் கழட்டி விட்ட ஆளை நம்பி ஸ்டீயரிங்கைக் கொடுக்க முடியுமா? நீங்களே ஒரு நியாயத்தைச் சொல்லுங்க."

அவர் எங்கே போவார் நியாயத்துக்கு? பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"நீயே ஓட்டு. நாளைக்கு மட்டும் இல்ல, வருஷா வருஷம் நீயே ஓட்டு. ஆனா ஒரே ஒரு கண்டிஷன். நட்டு தானா கழலலன்னு தெரிஞ்சு போச்சு இல்ல? அதனால அவர் பக்கத்துல உட்காரக் கூடாது."

"சரிங்க" என்றாள் அவள். சாவியை வாங்கிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் 'சரிங்க' சொன்னதில்லையே என்று கண்ணாடிக்காரர் யோசிக்க ஆரம்பித்தார். அதற்குள் காதுக்காரர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நான் எங்க சார் உட்காரப் போறேன்? கார் நகர்ந்தாலே எனக்கு வாந்தி வந்துடும். ட்ரையலுக்கே அக்கா தனியாதான் ஓட்டுவாங்க, நான் ரோட்டோரமா நின்னுதான் கேட்பேன்."