மிளகு ஏன் ஓடவில்லை

"யார் மனெக்கு வந்திருக்கீங்கம்மா?"

லிஃப்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் ரங்கா கன்னடம் கலந்த தமிழில் மரியாதையாகத்தான் கேட்டார். பெயர், வீட்டு எண், வந்த நேரம் எல்லாம் எழுதிக்கொள்ள நோட்டைக்கூட விரித்துவிட்டார். இளவேனில் அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நான்கு வருடமாகக் குடியிருந்தாள்.

அவள் வந்த லிஃப்டிலேயே திரும்ப ஏறிக்கொண்டாள். 'வந்தவர் போய்விட்டார்' என்று ரங்கா நோட்டில் எழுதிக்கொண்டதாகப் பின்னால் தெரிந்தது.

அது போன ஆடியில். அதற்கப்புறம் அவள் கீழே இறங்கவே இல்லை. பாலும் கீரையும் தலைவலி மாத்திரையும் போனைத் தட்டினால் கதவுக்கே வந்தன. கன்னடத்தில் அவளுக்குத் தெரிந்தது 'பேடா' என்ற ஒரே சொல். வேண்டாம் என்று அர்த்தம். ஜோலார்பேட்டையிலிருந்து வந்த நாளாக அந்த ஒரு சொல்லை வைத்தே அல்சூரில் குடித்தனம் நடத்திவிட்டாள்.

இப்போது தை மாதம். பால்கனியில் நின்று, கீழே மைதானத்தில் தன் கணவன் ஒரு நாயிடம் கெஞ்சுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாயின் பெயர் மிளகு. கறுப்பு லாப்ரடார், இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. இரண்டு தெரு தள்ளி நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கிற நோயலுடைய நாய். நோயலுக்கு முதுகுவலி, குனிய முடியவில்லை, ஒரு மாதம் நாம்தான் பழக்கிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி ராஜேந்திரன் அதை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தான். அவனுக்கு மதிய ஷிஃப்ட். காலையெல்லாம் நாய்தான்.

சுட்டு வீழ்த்திய வாத்தைப் பல் படாமல் கவ்விக்கொண்டு வருகிற வேட்டை இனமாம். அல்சூர் ஏரிக்கரையில் யாரும் வாத்தைச் சுட முடியாது என்பதால், கித்தான் துணியில் தலையணைக் குட்டி போலத் தைத்த ஒரு பொட்டலம். டம்மி என்று அதற்குப் பெயர். அதை வீசினால் நாய் ஓடிப் போய் எடுத்து வந்து கையில் கொடுக்க வேண்டும்.

ராஜேந்திரன் வீசினான். மிளகு டம்மி விழுந்த இடத்தைப் பார்த்தது. அவனைப் பார்த்தது. உட்கார்ந்தே இருந்தது.

"என் கண்ணு இல்ல? என் ராசாத்தி இல்ல? போய் எடுத்துட்டு வாடி தங்கம்."

மூன்று மாடிக்கும் கேட்டது. இடது கையை விரித்துத் தொடையோரம் வைத்துக்கொண்டு அவன் கெஞ்சிக்கொண்டிருந்தான். கொசு போலிருக்கிறது என்று இளவேனில் நினைத்தாள்.

அன்று ஒரு காலையிலேயே அவள் அவனுக்குக் காபி எடுத்து வந்து கொடுத்திருந்தாள். கண்ணாடி, சார்ஜர் எடுத்து வந்து கொடுத்திருந்தாள். சோபாவுக்கு அடியில் குப்புறப் படுத்து, தொலைந்துபோன ஒற்றை சாக்ஸைக்கூட எடுத்து வந்தாள். அதற்கு அவன் சொன்னது, "ம்." ஒன்றையுமே எடுத்து வராத மிளகு ராசாத்தி ஆகிவிட்டது.

சாப்பிடும்போது அவன் நோயலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். நோயலின் குரல் கணீரென்று வந்தது. ஐந்து தடவைக்கு மேல் வீசக் கூடாது. ஆசை தீருவதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். டம்மியைக் கண்ணில் படாமல் ஒளித்து வைக்க வேண்டும், அப்போதுதான் நாளைக்கு ஏங்கும்.

டம்மி ஃப்ரிட்ஜ் மேல் ஏறியது. மிளகு ஏங்கவில்லை. அதன் கீழேயே படுத்துத் தூங்கியது.

இந்தப் பயிற்சி சீக்கிரம் முடிந்தால் நாயும் சீக்கிரம் கிளம்பும் என்று இளவேனில் கணக்குப் போட்டாள். கோழி ஈரலை மஞ்சள் போட்டு வேக வைத்து டப்பாவில் கொடுத்தனுப்பினாள். மிளகு ஈரலை முழுக்கத் தின்றுவிட்டு மைதானத்தின் நடுவில் மல்லாந்தது. அன்றிலிருந்து அடுப்படியை விட்டு நகரவும் மறுத்தது. நாயைக் கிளப்பப் போய் அதற்குச் சமையல்காரியானதுதான் மிச்சம்.

மறுநாள் நோயல் வேறு வழி சொன்னார்.

"பொறாமை காட்டுப்பா. இதைக் கட்டிப் போட்டுட்டு, இது கண்ணு முன்னாலேயே இன்னொண்ணைக் கொஞ்சு. உட்கார்ந்து பார்க்கும், பார்க்கும். ஒரு நாளைக்குப் பொறுக்காம எழுந்துரும் பாரு."

இன்னொன்று முதல் மாடியில் இருந்தது. பிஸ்தா என்று பெயர், நிறமும் பிஸ்கட் நிறம். அதன் கயிற்றின் மறுமுனையில் லாவண்யா இருந்தாள். வங்கி வேலை, குதிரைவால் கொண்டை, வெள்ளை ஷூ.

பால்கனியிலிருந்து எல்லாம் தெரிந்தது. மிளகைக் கம்பத்தில் கட்டினார்கள். பிஸ்தா ஓடியது, எடுத்தது, கொடுத்தது. ராஜேந்திரன் அதன் கழுத்தைத் தடவிச் சபாஷ் சொன்னான். லாவண்யா கன்னடத்தில் ஏதோ சொல்ல, அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். அவனுக்கு அப்படியொரு சிரிப்பு இருப்பது இளவேனிலுக்கு அன்றுதான் தெரியும்.

கம்பத்தடியில் மிளகு அமைதியாகக் கொட்டாவி விட்டது. மூன்றாவது மாடியில் ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது.

மூன்று நாள் பார்த்தாள். நான்காம் நாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு படியில் இறங்கினாள். லிஃப்டுக்குக் காத்திருந்தால் மனசு மாறிவிடும் என்ற பயம். கீழே ரங்கா நோட்டை எடுத்தார்.

"மூணாவது மாடி," என்றாள், அவர் கேட்பதற்கு முன்னால். "நாய் இருக்குதே, அந்த வீடு."

"ஓ, மிளகு வீட்டம்மாவா?" ரங்கா எழுந்து நின்று சலாம் வைத்தார்.

மைதானத்தில் லாவண்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கக்கா. எவ்ளோ நாளா வருவீங்க வருவீங்கன்னு பார்த்துட்டு இருக்கேன்."

இளவேனில் கையை விடுவித்துக்கொண்டு கம்பத்தருகே போய் நின்றாள். பிஸ்தா ஓடியது. சபாஷ் வாங்கியது. மிளகும் அவளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி சபாஷ்.

"ஏங்க," என்றாள். "அந்த நாய் வேணாம்."

"அப்புறம் யாரு எடுத்துட்டு வந்து காட்டறது?"

"நான் எடுத்துட்டு வரேன். வீசுங்க."

அவன் வீசினான். அவள் ஓடினாள். பள்ளிக்கூடத்தை எட்டாவதில் விட்டபோது ஓட்டத்தையும் விட்டவள். செருப்பு ஒருபக்கம் போனது, கொண்டை அவிழ்ந்தது. டம்மியைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தாள். பார்வை லாவண்யா மேல் இருந்தது.

"சபாஷ் கண்ணு," என்றான் ராஜேந்திரன்.

இதை அவன் தன்னிடம் சொன்னானா, பழக்கத்தில் சொன்னானா என்று தெரிந்துகொள்வதற்காகவே அவள் இன்னொரு தடவை வீசச் சொன்னாள். ஐந்தாவது முறைக்குப் பிறகு அவன் டம்மியைச் சட்டைக்குள் ஒளித்துவிட்டான்.

"இன்னும் ஒண்ணு," என்றாள்.

"நாளைக்கு."

ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ் உச்சி அவள் நினைவில் இருந்தது.

மறுநாள் ஆறு மணிக்கு ராஜேந்திரனுக்கு முன்னால் கிளம்பி நின்றாள். வாரக் கடைசியில் சுடிதாருக்கு மாறிவிட்டாள், ஷூவும் வந்தது. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நின்று கைதட்டினார்கள். இரண்டாவது மாடி கஸ்தூரிரங்கன், எத்தனை விநாடி என்று கைக்கடிகாரத்தில் பார்த்துச் சொன்னார். வாங்க என்பதற்கு 'பன்னி', போதும் என்பதற்கு 'சாக்கு', சாப்பாடு ஆச்சா என்பதற்கு 'ஊட்டா ஆய்த்தா' என்று கன்னடம் ஆறேழு சொல்லாகப் பெருகியது. எல்லாம் லாவண்யா உபயம். அவள் மேல் இருந்த எரிச்சல் எந்த நாளில் போனது என்று இளவேனிலுக்கே தெரியவில்லை.

போகாத எரிச்சல் ஒன்றுதான். மிளகு. ஒருமுறைகூட எழுந்திருக்காத அதைத்தான் அவன் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தடவிக்கொண்டே போனான்.

மாதக் கடைசி ஞாயிறு நோயல் வந்தார். முதுகுவலிக்காரர், மைதானத்துச் சுவரைத் தாண்டிக் குதித்து வந்தார்.

இளவேனில் நேராக அவரிடம் போனாள். இத்தனை நாள் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். "கோவிச்சுக்காதீங்க சார். இது மக்கு நாய். ஈரலும் போட்டாச்சு, பிஸ்தாவும் ஓடிக் காட்டியாச்சு, நானும் மூணு வாரமா ஓடிக் காட்டறேன். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையல. எவ்வளவு பொறாமை காட்டினாலும் இதுக்கு உறைக்காது."

நோயல் மிளகைப் பார்த்தார். பிறகு ராஜேந்திரனின் தொடையோரம் விரிந்திருந்த இடது உள்ளங்கையைப் பார்த்தார்.

"போதும்பா, கையை மூடு. பாவம் அது எவ்வளவு நாள்தான் உட்கார்ந்திருக்கும்?"

ராஜேந்திரன் தயங்கி விரல்களை மடக்கினான்.

நோயல் டம்மியை வீசினார். மிளகு இருந்த இடத்தில் புழுதிதான் இருந்தது. நாய் மைதானத்தின் கோடிக்குப் போய், கவ்வி, வளைந்து திரும்பி, டம்மியைப் பல்கூடப் படாமல் கொண்டுவந்து நின்றது.

"போன வருஷமே கப்பு வாங்கின நாய்ம்மா இது," என்றார் நோயல். "பொறாமை காட்டச் சொன்னது, மூணாவது மாடியில உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தவங்களுக்கு."

லாவண்யாவுக்குப் பிஸ்தாவின் காதில் உடனடியாக ஏதோ உண்ணி தேட வேண்டியிருந்தது. ராஜேந்திரன் வானத்தைப் பார்த்தான்.

இளவேனில் டம்மியை வாங்கினாள். மூன்று வாரம் ஓடியதில் கைக்கும் பலம் வந்திருந்தது. சுழற்றி வீசினாள். அது பின்பக்கச் சுவரைத் தாண்டிப் பறந்து, அந்தப் பக்கத்து ராஜகால்வாய்ச் சாக்கடைச் சேற்றில் பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டது.

மிளகு பாயத் தயாரானது. இளவேனில் இடது உள்ளங்கையை விரித்துத் தொடையோரம் வைத்தாள். மிளகு உட்கார்ந்தது.

பிறகு அவள் கணவன் பக்கம் திரும்பி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

ராஜேந்திரன் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டான். கேட்டைத் தாண்டிப் போனான்.