மேனேஜர் தொல்லை

"நம்ம சைட்ல 'மேனேஜர் தொல்லை'ன்னு ஒரு பக்கம் இருக்காமே?" என்று கம்பெனியின் வெப்சைட்காரரிடம் மேனேஜர் கேட்டார்.

அவர்கள் விற்பது தண்ணீர் மோட்டார். அந்தப் பக்கம் வெப்சைட்காரர் தன் சொந்த உபயோகத்துக்கு எழுதி, கம்பெனி சைட்டின் ஒரு மூலையில் ஒளித்து வைத்தது. வேலை மாறினால் போகலாம் என்று நினைத்த ஏழு கம்பெனிகளின் லிங்க்குகள், பக்கத்திலேயே 'இங்கே ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மாட்டார்கள்' மாதிரிக் குறிப்புகள். வேலைக்கு மனு போடத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.

"யார் சார் சொன்னாங்க?"

"வேற கம்பெனிக்காரர் போன் பண்ணார். அந்தப் பக்கத்துலேர்ந்து யாரோ அவங்க சைட்டுக்கு அடிக்கடி போறாங்களாம்."

லிங்க்கைத் தட்டினால், புறப்பட்ட பக்கத்தின் விலாசமும் கூடவே போய்ச் சேரும். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லித் தருகிறவர், தன் விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டார்.

"அழிச்சிடவா சார்?"

"கை வைக்காதீங்க. அது ஆதாரம். எழுதினது யாருன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். நான் தினமும் திறந்து பார்ப்பேன்."

தன்னைத் தானே கண்டுபிடிக்க எத்தனை நாள் இழுக்கலாம் என்று யோசித்துக்கொண்டே, வெப்சைட்காரர் ஏழு லிங்க்குகளிலும் 'நோ-ரெஃபரர்' சேர்த்தார். இனி விலாசம் போகாது. இந்த மாற்றம் பார்க்கிறவர் கண்ணுக்கும் தெரியாது.

ஆனால் போன் செய்த கம்பெனி, தன்னைத் தேடி வந்தவர்கள் புறப்பட்ட பக்கங்களின் விலாசங்களை லிங்க்கோடு தன் சைட்டிலேயே போட்டிருந்தது. தேடுபொறி அதைப் பிடித்துக்கொண்டு ஒளித்து வைத்த பக்கத்துக்குள் வந்துவிட்டது. மோட்டார் கம்பெனி பெயரைத் தேடினால் 'மேனேஜர் தொல்லை' மூன்றாவதாக வந்து நின்றது.

பதற்றத்தில் அவர் அந்தப் பக்கத்தில் 'நோ-இண்டெக்ஸ்' போடப் போனார். 'இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே' என்று தேடுபொறிக்குச் சொல்வது அது. கை தவறி, சைட்டின் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான டெம்ப்ளேட்டில் போட்டுவிட்டார். அதில் சேராமல் தனியாக எழுதிய அந்த ஒரு பக்கம் மட்டும் தப்பித்தது. இரண்டே வாரத்தில் மோட்டார்கள் எல்லாம் அதலபாதாளத்துக்குப் போக, 'மேனேஜர் தொல்லை' முதலிடத்துக்கு ஏறியது.

வரவேற்பில் இருந்த பெண் போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள்: "அண்ணா, ஒரு கஸ்டமர். 'மேனேஜர் தொல்லை' எத்தனை குதிரைச் சக்தின்னு கேக்கறார். என்ன சொல்ல?"

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை, உண்மையை ஒப்புக்கொண்டு ராஜினாமா எழுதி எடுத்துப் போனார். மேனேஜர் அறை பூட்டியிருந்தது.

"மேனேஜர் எப்போ வருவார்?"

"இனிமே வரமாட்டார் அண்ணா," என்றாள் அந்தப் பெண், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "உங்க லிஸ்ட்ல ஞாயித்துக்கிழமை போன் பண்ணாத கம்பெனி ஒண்ணு இருந்துச்சே, அதுல சேர்ந்துட்டார்."