தலையணை பறிமுதல் வழக்கு

முதல் அநீதி திங்கட்கிழமை நடந்தது: பேரனின் தொட்டிலிலிருந்து தலையணை பறிமுதல். இரண்டாவது, செவ்வாய்: பஞ்சு மெத்தை நாடு கடத்தல். மூன்றாவது, புதன்: போர்வையும் கரடிப் பொம்மையும் ஒரே மூட்டையாகப் பரணில் சிறை. நான்காவது, வியாழன்: தாத்தாவின் மார்பில் பேரன் தூங்கத் தடை.

நாற்பது வருடம் ஆலை வாசலில் தொழிற்சங்கத்துக்காக முழங்கியவர் தாத்தா; ஊருக்கே அவர் 'தலைவர்'. மூன்று முறை வேலை பறிபோயும் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதியதில்லை. எந்தத் தாளை நீட்டினாலும் முதல் கையெழுத்து அவருடையதுதான். அதுவும் 'தலைவர்' என்றுதான் விழும். அவர் பொறுப்பாரா?

வெள்ளிக்கிழமை காலை கூடத்தில் விசாரணை. சாட்சிகள் இருவர்: மகளும் எதிர்வீட்டுத் தையல்காரரும். குற்றவாளி, அதாவது மனைவி, பால் புட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"பச்சைப்பிள்ளையைப் பலகையில போட்டிருக்கியே, இது வீடா, ஜெயிலா?"

"பலகை இல்ல, கெட்டி மெத்தை. மேல இழுத்துக் கட்டின விரிப்பு. போதும் அவனுக்கு."

"எப்பவும் மல்லாக்கத்தான் தூங்கணுமா? குப்புறப் படுக்க உரிமை கிடையாதா?"

"முதல்ல மூச்சு விடற உரிமை. மத்ததெல்லாம் அப்புறம்."

தையல்காரர் சிரிப்பை இருமலாக்கினார்.

"என் மார்புல தூங்கினா என்ன குடி முழுகிடும்?"

"நேத்து சோபாவுல தூங்க வெச்சீங்களே, யார் முதல்ல தூங்கினது? நீங்க குறட்டை. அவன் உங்க கைக்கும் திண்டுக்கும் நடுவுல சரிஞ்சு, மூஞ்சி துணியில அழுந்திக் கிடந்தான். நான் வந்து எடுத்தேன்."

மகளின் முகம் வெளுத்தது. "அப்பா!"

தலைவரின் கண்ணும் தொட்டில் பக்கம் ஓடியது. ஆனால் தோற்கும்போதுதான் அவர் குரல் உயரும்.

"அதை விடு! இந்தச் சட்டத்துக்கெல்லாம் என்னைக் கேக்காம தலையாட்டின துரோகி யாரு? சாட்சிகள் முன்னால பேரைச் சொல்லணும்!"

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளைத் தையல்காரரிடம் கொடுத்தார். "ஆஸ்பத்திரியிலேர்ந்து கிளம்பறப்ப நர்ஸ் குடுத்தது. வாசிங்கண்ணே."

"குழந்தையை மல்லாக்கவே தூங்க வைக்கவும். தலையணை, போர்வை, பொம்மை கூடாது. சோபாவில் குழந்தையோடு பெரியவர்கள் தூங்கக் கூடாது. குடும்பத்தின் சார்பில், படித்துப் பார்த்து ஒப்புக்கொள்கிறேன்..."

"பேரு! பேரை வாசிய்யா!" தலைவர் மேசையைத் தட்டினார்.

தையல்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கூடத்துக்கே கேட்கும்படி வாசித்தார்:

"தலைவர்."